இரண்டு கயிறுகள்
படகு மோட்டாரைப் பொருத்துவோரும் ஓட்டுவோரும் மறக்கக் கூடாதவை

டெல்லியில் குடியிருப்பவர்களுக்குப் படகைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். கடல் எங்கோ இருக்கிறது. யமுனையில் கோடைக் காலத்தில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் படகு என்ற நினைப்பே வராது.

ஆனால் 2023-ம் ஆண்டு ஜூலை 13-ந் தேதியை டெல்லிவாசிகள் மறந்திருக்க முடியாது. அன்று பழைய ரயில் பாலத்தருகே யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டியது. அபாய அளவு 205.33 மீட்டர்தான். 1978-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பெருவெள்ளம் வந்தபோது கூட 207.49 மீட்டரோடு நின்றது. 45 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அளவையும் யமுனை தாண்டிவிட்டது.

காஷ்மீரி கேட், சிவில் லைன்ஸ், ராஜ்காட், ஐ.டி.ஓ. என்று நாம் தினமும் பஸ்ஸில் போய் வரும் இடங்களில் எல்லாம் தண்ணீர் நின்றது. ஆற்றங்கரைக் குடும்பங்கள் மயூர் விஹார் சாலையோரத்தில் கூடாரம் போட்டுத் தங்கின. யமுனா பஜார் போன்ற தாழ்வான பகுதிகளில் சிக்கிக் கொண்டவர்களைத் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் ரப்பர் படகுகளில் வந்து மீட்டார்கள்.

அந்த ரப்பர் படகுகளின் பின்புறத்தில் ஒரு மோட்டார் தொங்கிக் கொண்டிருக்கும். அதன் பெயர் அவுட்போர்டு மோட்டார். அரசாங்கத் தமிழில் 'வெளிப்பொருத்தும் இயந்திரம்'. கடற்கரை மக்களுக்கு வெறும் 'இஞ்சின்'.

இந்த இஞ்சினைப் பற்றித் தெரிந்து கொள்ள நம்மவர்களுக்கு வேறு காரணங்களும் உண்டு. கன்னியாகுமரி, தூத்துக்குடி, ராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர்கள் பலர். மாதாமாதம் இவர்கள் அனுப்பும் பணத்தில்தான் ஊரில் தம்பியோ மைத்துனரோ படகுக்கு இஞ்சின் வாங்குகிறார். மற்றவர்களும் திதி கொடுக்கத் திரிவேணி சங்கமத்துக்கும் காசிக்கும் போகிறோம். அங்கே மோட்டார் படகில் குடும்பத்தோடு ஏறுகிறோம்.

பணம் நம்முடையது. உயிரும் நம்மவருடையது. அந்த மோட்டாரை எப்படிப் பொருத்த வேண்டும், எப்படி ஓட்ட வேண்டும் என்று தெரிந்து கொள்வது வீண் போகாது.

நார்வேயிலிருந்து முட்டம் வரை

அவுட்போர்டு மோட்டாரை வியாபாரப் பொருளாக்கிப் பிரபலப்படுத்தியவர்களில் முக்கியமானவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து, அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் குடியேறிய மெக்கானிக். 1909-ல் அவருடைய மோட்டார் விற்பனைக்கு வந்தது. அதன் சக்தி ஒன்றரைக் குதிரைத் திறன்தான். அவர் பெயரில் வந்த மோட்டார்களின் உற்பத்தி 2020-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று நம் கடற்கரைகளில் ஜப்பானிய மோட்டார்களே அதிகம் தென்படுகின்றன.

நம் நாட்டு மீனவருக்கு மோட்டாரை அறிமுகம் செய்ததிலும் நார்வேக்குப் பங்கு உண்டு. 1953-ல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய - நார்வே திட்டம் தொடங்கியது. உள்ளூர் வள்ளங்களில் மோட்டாரைப் பொருத்திப் பார்த்த ஆரம்ப முயற்சிகள் கைகூடவில்லை. வள்ளத்தின் இரு முனையும் கூராக இருக்கும். மோட்டாரை மாட்டுவதற்கு அகலமான பின்பலகை அதில் கிடையாது. எனவே அந்தத் திட்டம் புதுமாதிரி விசைப்படகுகளின் பக்கம் போய்விட்டது.

1980-களின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில், பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த பியர் ஜில்லே என்பவர் மீனவர்களோடு சேர்ந்து பிளைவுட் பலகையால் வள்ளம் கட்டும் முறையை வளர்த்தார். அலையடிக்கும் கரையிலிருந்து தள்ளி இறக்கவும் முடிந்தது. மோட்டார் வைக்கவும் முடிந்தது. அதே காலத்தில் கேரளக் கரையிலும் வெளிப்பொருத்து மோட்டார்கள் வேகமாகப் பரவின.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்த பிறகு, தமிழகக் கரையெங்கும் நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. அதுவரை கட்டுமரத்தில் துடுப்புப் போட்டவர்கள் பலர், ஓரிரு ஆண்டுகளில் மோட்டார் ஓட்டிகளாகி விட்டார்கள். படகு கிடைத்தது, இஞ்சின் கிடைத்தது. அதை ஓட்டுவதற்கான பயிற்சி எல்லோருக்கும் கிடைத்தது என்று சொல்ல முடியாது.

வசதியும் அதிலேதான், அபாயமும் அதிலேதான்

கப்பலில் இஞ்சின் உள்ளே இருக்கும். சுக்கான் வேறாக இருக்கும். அவுட்போர்டில் இஞ்சின், விசிறி, சுக்கான் எல்லாம் ஒரே சாமான். மேலே மூடிக்குள் இஞ்சின். அதிலிருந்து கீழே இறங்கும் தண்டு. தண்டின் அடியில் தண்ணீருக்குள் சுழலும் விசிறி. பிடியை ஒரு பக்கம் திருப்பினால் மோட்டார் முழுவதும் திரும்பும், படகும் திரும்பும். வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போய்விடலாம்.

இதே குணங்களால்தான் இரண்டு அபாயங்கள் வருகின்றன.

கழற்றி மாட்டக்கூடிய சாமான் என்பதால், ஓடும்போதே தானாகக் கழன்று தண்ணீரில் விழவும் கூடும். சுக்கானும் இஞ்சினும் ஒன்றாக இருப்பதால், ஓட்டுபவர் தவறித் தண்ணீரில் விழுந்துவிட்டால் படகு நிற்காது. ஆளில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் அபாயத்துக்கு ஒரு கயிறு உண்டு. அது மோட்டாரைப் படகோடு கட்டுவது. இரண்டாவது அபாயத்துக்கும் ஒரு கயிறு உண்டு. அது மனிதனை மோட்டாரோடு கட்டுவது. இந்த இரண்டு கயிறுகளையும் சரியாகக் கட்டியவர் பாதி ஆபத்தைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போகிறார் என்று சொல்லலாம்.

வாங்கும் முன்பு பார்க்க வேண்டியது

அதிகக் குதிரைத் திறன் இருந்தால் நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். படகு தாங்கக்கூடிய திறன் எவ்வளவு, ஏற்றக்கூடிய எடை எவ்வளவு என்று கட்டியவர் ஒரு கணக்கு வைத்திருப்பார். தரமான படகுகளில் அதை ஒரு தகட்டில் பொறித்தும் வைத்திருப்பார்கள். அதற்கு மேல் போகக் கூடாது. 10 குதிரைத் திறன் கொண்ட மோட்டாரே ஏறக்குறைய 40 கிலோ எடை இருக்கும். பெரிய மோட்டார் வைத்தால் படகின் பின்பக்கம் அமிழ்ந்து, அணியம் தூக்கிக் கொள்ளும். முன்னே வருவது ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது. பின்னால் வரும் அலை உள்ளே ஏறிவிடும்.

அடுத்தது தண்டின் நீளம். சிறு மோட்டார்கள் பெரும்பாலும் இரண்டு அளவில் வருகின்றன. பின்பலகையின் உயரம் ஏறக்குறைய 15 அங்குலம் உள்ள படகுக்குக் குட்டைத் தண்டு. 20 அங்குலம் உள்ள படகுக்கு நீளத் தண்டு. ஊருக்குப் பணம் அனுப்பும்போதே, படகின் பின்பலகையை அளந்து பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். விலை குறைவாகக் கிடைத்தது என்று பொருந்தாத அளவில் வாங்கி அவதிப்படுவோர் உண்டு.

பழைய மோட்டாராக இருந்தால், விசிறிக்கு மேலுள்ள கியர் பெட்டியின் எண்ணெயைச் சிறிது எடுத்துப் பார்க்க வேண்டும். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

பொருத்தும் முறை

முதலில் பின்பலகையைப் பரிசோதிக்க வேண்டும். ஃபைபர் படகுகளில் வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே பெரும்பாலும் பிளைவுட் பலகைதான். பழைய போல்ட் துவாரங்களின் வழியே தண்ணீர் புகுந்து அந்தப் பலகை இற்றுப் போயிருக்கலாம். சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று மங்கலாகக் கேட்டால் சந்தேகப்பட வேண்டும். இற்ற பலகையில் புது மோட்டாரை மாட்டினால், ஒருநாள் பலகையோடு மோட்டாரும் போய்விடும்.

மோட்டாரைப் பின்பலகையின் சரி நடுவில் உட்கார வைக்க வேண்டும். இரண்டு கிளாம்ப் திருகுகளையும் கையால் நன்றாக இறுக்க வேண்டும். இஞ்சினின் அதிர்வில் இந்தத் திருகுகள் தாமாகவே தளரும். எனவே புதிதாக மாட்டிய மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தடவை புறப்படும் முன்பும் தொட்டுப் பார்க்க வேண்டும். கொஞ்சம் பெரிய மோட்டாருக்குத் திருகு மட்டும் போதாது. துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளைப் பலகையின் ஊடே செலுத்தி, உட்புறம் அகலமான வாஷர் வைத்து முடுக்க வேண்டும். துவாரங்களில் நீர் புகாதபடி பசை பூச வேண்டும்.

உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. விசிறிக்குச் சற்று மேலே தட்டையாக நீட்டிக் கொண்டிருக்கும் ஒரு தகட்டைக் காணலாம். அது படகின் அடிப்பாகத்தோடு சமமாகவோ, ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் விசிறி காற்றை இழுத்துக் கொண்டு வெறுமனே சுழலும், இஞ்சின் அலறும், குளிர்விக்கும் தண்ணீரும் சரியாக ஏறாது. மிகவும் கீழே இருந்தால் வேகம் குறையும். எண்ணெய்ச் செலவு கூடும்.

சாய்வையும் கவனிக்க வேண்டும். படகு ஓடும்போது தண்டு நீர்மட்டத்துக்கு ஏறக்குறையச் செங்குத்தாக நிற்க வேண்டும். படகை ஒட்டிச் சாய்ந்தால் அணியம் அமிழும். விலகிச் சாய்ந்தால் அணியம் தூக்கும்.

இப்போது முதல் கயிற்றுக்கு வருவோம். மோட்டாரில் இதற்கென்றே ஒரு துவாரமோ வளையமோ இருக்கும். அதிலிருந்து கனமான கயிறு அல்லது சங்கிலியைப் படகின் உறுதியான வளையத்தில் கட்ட வேண்டும். பின்பலகையிலேயே கட்டக் கூடாது. பலகை பெயர்ந்தால் கயிறும் சேர்ந்து போய்விடும். மோட்டார் திரும்பவும் மேலே தூக்கவும் இடம் விட்டுக் கட்ட வேண்டும்.

சிலர் மோட்டார் எழும்பாதபடி கீழ்ப்பாகத்தையே இறுக்கிக் கட்டி விடுகிறார்கள். இது தவறு. விசிறி பாறையிலோ மணலிலோ மோதும்போது மோட்டார் தானாக மேலே எழும்ப வேண்டும். அதைத் தடுத்தால் தண்டு உடையும். அல்லது பின்பலகை பிளக்கும்.

லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள மோட்டாரை வாங்க, மீன் வியாபாரியிடம் கடன் பட்டவர்கள் எத்தனையோ பேர். பிடிக்கும் மீனை அவருக்கே போட்டு அந்தக் கடனை வருடக்கணக்கில் அடைக்கிறார்கள். அந்த மோட்டார் ஒரு நிமிடத்தில் கடலுக்குள் போவதைத் தடுப்பது நாலு முழக் கயிறு!

பெட்ரோலும் மண்ணெண்ணெயும்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாமல் படகின் அடியில் தேங்கி நிற்கும். ஒரு பீடி நெருப்பு போதும். எனவே டாங்கைக் கரையில் இறக்கி வைத்து, இஞ்சினை நிறுத்திவிட்டு நிரப்ப வேண்டும். விளிம்பு வரை ஊற்றாமல், வெயிலில் விரிவதற்குச் சிறிது இடம் விட வேண்டும்.

இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாருக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலக்க வேண்டும். எத்தனைக்கு எத்தனை என்பதைக் கம்பெனி தரும் புத்தகத்தில் பார்த்தே கலக்க வேண்டும். 50-க்கு 1 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. குறைத்து ஊற்றினால் பிஸ்டன் சிக்கிக் கொள்ளும். கூட்டி ஊற்றினால் பிளக்கில் கரி பிடிக்கும்.

மண்ணெண்ணெய் மோட்டாரைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்தும் முன்பு மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த முறை கிளம்பாது. நடுக்கடலில் கிளம்பாத இஞ்சின் எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

கிளப்பும் போது

கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கியரில் இருக்கும்போது கிளம்பினால், படகு பாய்ந்து ஓட்டுபவரையே பின்னால் தள்ளிவிடும். கயிற்றை இழுக்கும்போது முழங்கை போகும் திசையில் யாரும் உட்காரக் கூடாது. கயிற்றைக் கையில் சுற்றிக் கொள்ளவும் கூடாது.

இழுக்கும் கயிறு அறுந்துவிட்டால், மூடியைக் கழற்றிவிட்டு மேலே இருக்கும் சக்கரத்தில் வேறு கயிற்றைச் சுற்றி இழுப்பது உண்டு. இது ஆபத்துக் காலத்துக்கு மட்டும். சுழலும் சக்கரம் திறந்து கிடக்கும். வேட்டி நுனி, துண்டு, தலைமுடி எது பட்டாலும் இழுத்துவிடும். கியரில் இருக்கும்போது கிளம்பாமல் தடுக்கும் ஏற்பாடும் அப்போது வேலை செய்யாது.

கிளம்பியவுடன் மோட்டாரின் பக்கத்திலிருந்து ஊசி போலத் தண்ணீர் பீச்சும். குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அது வரவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும். உள்ளே தண்ணீரை ஏற்றும் சிறு சக்கரம் ரப்பரால் ஆனது. தண்ணீர் இல்லாமல் சுழன்றால் சீக்கிரமே கருகிவிடும். வீட்டு வாசலில் வைத்துக் கிளப்பிக் காட்டுவது சிலருக்கு வேடிக்கை. கிளப்பித்தான் ஆக வேண்டுமென்றால், தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் கீழ்ப்பாகத்தை நன்றாக அமிழ்த்திவிட்டுக் கிளப்ப வேண்டும்.

இரண்டாவது கயிறு

சிவப்பு நிறத்தில் சுருள் சுருளாக ஒரு சிறு கயிறு புது மோட்டாரோடு வரும். ஒரு முனை மோட்டாரின் நிறுத்தும் சுவிட்சில் செருகியிருக்கும். மறுமுனையை ஓட்டுபவர் தன் மீது மாட்டிக் கொள்ள வேண்டும். அவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு சுவிட்சிலிருந்து பிடுங்கிக் கொள்ளும்; இஞ்சின் அந்தக் கணமே நின்றுவிடும். அவ்வளவுதான் இதன் வேலை.

இதை மாட்டாவிட்டால் என்ன ஆகும்? பிடியை விட்டதும் விசிறியின் விசையில் மோட்டார் ஒரு பக்கமாகத் திரும்பிக் கொள்ளும். படகு குறுகிய வட்டத்தில் சுற்றத் தொடங்கும். விழுந்தவர் நீந்தித் தப்புவதற்குள் அவர் மேலேயே திரும்பி வரும்.

இங்கிலாந்தில் நடந்ததை உதாரணமாகச் சொல்லலாம். 2013-ம் ஆண்டு மே 5-ந் தேதி, கார்ன்வால் பகுதியில் பாட்ஸ்டோ என்ற ஊருக்கருகே ஒரு குடும்பத்தார் ஆறு பேர் வேகப் படகில் சென்றனர். படகு சட்டென்று திரும்பியபோது ஆறு பேரும் தண்ணீரில் தூக்கி எறியப்பட்டனர். கயிறு யார் மீதும் மாட்டப்பட்டிருக்கவில்லை. ஆளில்லாத படகு சுற்றிச் சுற்றி வந்து அவர்களையே தாக்கியது. தந்தையும் 8 வயது மகளும் இறந்தனர். மற்றவர்களில் சிலருக்குப் படுகாயம். கடைசியில் வேறொரு படகிலிருந்து ஒருவர் தாவி ஏறித்தான் அதை நிறுத்த முடிந்தது. கயிறு படகிலேயே இருந்தது. மாட்டிக் கொள்ளாததுதான் குறை.

அமெரிக்காவில் 2021-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் இதைச் சட்டமாக்கி இருக்கிறார்கள். 26 அடிக்குக் குறைவான, இந்த சுவிட்ச் உள்ள படகுகளை வேகமாக ஓட்டும்போது ஓட்டுபவர் அதை இணைத்துக் கொண்டே ஆக வேண்டும்.

நம் கடலோடிகள் சொல்லும் தடை நியாயமானதே. வலை போடும்போது அங்குமிங்கும் நகர வேண்டியிருக்கிறது. கயிறு வலையில் சிக்குகிறது. இஞ்சின் நின்று நின்று போகிறது. இதற்கு வழி இல்லாமல் இல்லை. வலை வேலை நடக்கும்போது மோட்டார் நியூட்ரலிலோ நின்றோ இருக்க வேண்டும். பிடியில் உட்கார்ந்து ஓட்டும் நேரத்துக்குத்தான் கயிறு. அதைக் கைமணிக்கட்டில் மாட்டுவதைவிட, இடுப்புப் பெல்ட்டிலோ தொடையிலோ மாட்டினால் தொந்தரவு குறையும். முக்கியமாக அலைவாயைத் தாண்டும்போது மாட்டியிருக்க வேண்டும். ஆள் தூக்கி எறியப்படுவது அங்கேதான் அதிகம்.

நாகப்பட்டினம் பக்கத்தில் நீண்ட வால் போன்ற தண்டு வைத்த டீசல் இஞ்சின்கள் ஓடுகின்றன. அவற்றில் சுழலும் விசிறி படகுக்கு வெகு பின்னால், மறைப்பில்லாமல் இருக்கும். பக்கத்துப் படகுக்காரரும் கரையில் குளிக்கும் சிறுவர்களும் அதில் சிக்கும் அபாயம் உண்டு. கரையை நெருங்கும்போதே விசிறியை நிறுத்திவிடுவது ஒன்றே வழி.

ஓட்டும் போது

பிடியை இடப்புறம் தள்ளினால் படகு வலப்புறம் திரும்பும். புதியவர்கள் பதற்றத்தில் இதை மறந்து மோதிவிடுகிறார்கள். முதலில் காலி இடத்தில் மெதுவாக ஓட்டிக் கை பழகிக் கொள்ள வேண்டும்.

யாராவது விழுந்துவிட்டால், அவர் விழுந்த பக்கமே படகைத் திருப்ப வேண்டும். அப்போது பின்பக்கமும் விசிறியும் அவரை விட்டு விலகும். அவரை ஏற்றிக் கொள்ளும்போது மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். நியூட்ரலில் கூட விசிறி மெதுவாகச் சுழல்வது உண்டு.

இஞ்சின் நின்றுவிட்டால் படகில் உள்ள எல்லோரும் என்ன ஆயிற்று என்று பின்பக்கம் ஓடி வருவார்கள். அப்போதுதான் பின்பலகைக்கு மேலே தண்ணீர் ஏறுகிறது. ஒருவர் மட்டும் மோட்டாரைப் பார்க்க வேண்டும். இன்னொருவர் துடுப்பால் அணியத்தை அலைக்கு நேராகப் பிடிக்க வேண்டும். இதே காரணத்தால் நங்கூரத்தையும் அணியத்தில்தான் கட்ட வேண்டும். பின்பக்கம் கட்டக் கூடாது.

துடுப்பு, தண்ணீர் இறைக்கும் வாளி, மாற்றுப் பிளக், பிளக் ஸ்பானர், மாற்றுக் கயிறு, விசிறியைப் பிடித்திருக்கும் சிறிய ஊசியில் இரண்டு உபரி - இவை எப்போதும் படகில் இருக்க வேண்டும். விசிறி எதிலாவது மோதும்போது, கியர் உடையாமல் இருக்க அந்த ஊசி உடைந்து கொடுக்கும்படி பல சிறு மோட்டார்களில் அமைத்திருக்கிறார்கள். அதற்குப் பதில் ஆணியைச் செருகி ஓட்டினால் ஊசிச் செலவு மிஞ்சும், கியர் போகும்.

வெள்ளத்தில் ஓடும்போது

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது குப்பத்து மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளைத் தெருக்களுக்குள் கொண்டுவந்து மக்களை மீட்டார்கள். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது, மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிப் போய்ப் பல்லாயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள். கழற்றி மாட்டக்கூடிய மோட்டாராக இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா?

ஆனால் வெள்ளம் கடலைப் போல் அல்ல. தண்ணீருக்கடியில் வேலிக் கம்பி, மூழ்கிய ஸ்கூட்டர், சாக்கடைச் சுவர் என்று எதுவும் இருக்கலாம். தலைக்கு மேல் மின்கம்பி எட்டும் தூரத்தில் தொங்கும். யமுனையைப் போன்ற ஆற்றில் ஆகாயத் தாமரையும் பிளாஸ்டிக் பைகளும் விசிறியைச் சுற்றிக் கொள்ளும். தண்ணீர் உறிஞ்சும் துவாரத்தை அடைக்கும். அவற்றை எடுக்கும் முன் இஞ்சினை நிறுத்தி, நிறுத்தும் கயிற்றையும் சுவிட்சிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். சந்துகளுக்குள் மோட்டாரை மேலே தூக்கிவிட்டுத் துடுப்பால் போவது நல்லது. வேகமாகப் போனால் எழும் அலை, ஊறி நிற்கும் குடிசைச் சுவரைச் சாய்த்துவிடும்.

ஓட்டம் இருக்கும் இடத்தில், நீரோட்டத்தை எதிர்த்து நின்றபடிதான் ஆட்களை நெருங்க வேண்டும். ஓட்டத்தோடு போய் நெருங்கினால் படகு கட்டுக்கு அடங்காது.

சோதனை ஓட்டத்தில் வந்த ஆபத்து

புதிதாகப் பொருத்திய மோட்டாரையும், பழுது பார்த்து வந்த மோட்டாரையும் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்திலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். 2024-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி மும்பைத் துறைமுகத்தில் கடற்படையின் வேகப் படகு ஒன்று இயந்திரச் சோதனை ஓட்டத்தில் இருந்தது. இயந்திரக் கோளாறால் கட்டுப்பாட்டை இழந்து, எலிபெண்டா தீவுக்குச் சென்று கொண்டிருந்த 'நீல்கமல்' என்ற பயணிகள் படகின் மீது மோதியது. 15 பேர் இறந்தனர். பயிற்சி பெற்ற கடற்படையினரின் படகுக்கே அந்த நிலை என்றால், கிராமத்துக் கரையில் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும்!

பயணியாக ஏறுபவர்களுக்கு

2011-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். 2009 செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். இரண்டும் விடுமுறையைக் கழிக்கப் போன இடங்கள்.

சங்கமத்திலோ காசியிலோ படகில் ஏறும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா? அது படகின் மூலையில் கட்டிக் கிடந்தால் பயனில்லை. உடம்பில் அணிந்து வாரைக் கட்டியிருக்க வேண்டும். படகு கொள்ளும் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றுகிறார்களா? பின்பலகைக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண் கூட இடைவெளி இல்லை என்றால் ஏறாதீர்கள். ஓட்டுபவர் நிதானத்தில் இருக்கிறாரா? மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். படகில் ஏறிய பிறகு, போட்டோ எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் போய் நிற்காதீர்கள்.

ரயிலில் அனுப்பினால்

ரயில்வேயில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளைப் பார்சலில் போடும்போது டாங்கைக் காலி செய்யச் சொல்வது எல்லோருக்கும் தெரியும். படகு மோட்டாருக்கும் அதே நியாயந்தான். டாங்கில் மட்டுமின்றிக் குழாயிலும் கார்புரேட்டரிலும் உள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும். அபாயகரமான பொருளை விதியை மீறி ரயிலில் கொண்டு போனால், 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

லாரியிலோ ரயிலிலோ கிடத்தும்போது, இஞ்சின் இருக்கும் மேல்பாகம் விசிறிப் பாகத்தைவிட உயரமாக இருக்கும்படி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டில் தங்கிய தண்ணீர் இஞ்சினுக்குள் இறங்கிவிடும். உப்புத் தண்ணீரில் ஓடிய மோட்டாரை நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஓட்டிக் கழுவிய பிறகே கட்ட வேண்டும்.

லீவில் ஊருக்குப் போகிறவர்கள் தம்பி பிள்ளைகளுக்குச் சட்டைத் துணியும் சாந்தினி சௌக்கில் மிட்டாயும் வாங்கிப் போகிறோம். தம்பியின் படகுக்குப் போய் ஒரு தடவை பாருங்கள். மோட்டாரைப் படகோடு கட்டிய கயிறு இருக்கிறதா? அந்தச் சிவப்புக் கயிறு எங்கே? வீட்டுப் பரணில் கிடந்தால் எடுத்துக் கொடுங்கள். தொலைந்து போயிருந்தால் மோட்டார் கம்பெனியின் பெயரையும் மாடலையும் குறித்துக் கொண்டு, அதற்குப் பொருந்துகிற புதுக் கயிற்றை வாங்கிக் கொடுங்கள். மோட்டாரின் விலையோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை. மறுநாள் விடியற்காலையில் அவர் படகைத் தள்ளும்போது, அதை மாட்டிக் கொண்டாரா என்று கரையில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.